நாயகம் வாசித்த சனிக்கிழமைகள்

கிறிஸ்துநாயகத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரொறன்ரோவில் நாற்பது வருடம் இருந்துவிட்ட ஒரு மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய மனைவி பேர்ணடெற் நம்பித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் சனிக்கிழமைகளில் அவரை ஏற்றி இறக்கியது முழுக்க அவள். வேலைக்கு அவர் பஸ்ஸில் போய்வந்தார். வந்த புதிதில் கோயிலுக்கு, பக்கத்து அப்பாட்மென்ற்காரர் யாராவது கூட்டிப்போவார்கள். சனிக்கிழமை மத்தியானங்களுக்கு மட்டும் பஸ் சரிவராது. கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு ஏறிவிடலாம். அதைச் சத்தம்போட வைக்கிற அம்ப் பெட்டியை என்ன செய்வது? அரிசி மூட்டைப் பாரத்தில் இருந்த அந்தக் கறுத்தப் பெட்டிக்காகத்தான் அவள் கார் பழகினாள். கனடாவுக்கு வந்த முதல் வருடத்திலேயே, குளிருக்குப் பயந்து அழுதுகொண்டே பழகினாள்.

வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதிக்கு அருகே ஏழாம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். கோயிலில் கிறிஸ்துநாயகத்தை எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குப் பின்னால் நின்று அடக்கமாகக் கிற்றார் வாசிக்கிற உயர்ந்த மனிதர். ஸ்காபரோவில் கார் சீற் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அதிகம் கதைக்காதவர். அதே மனிதர் சனிக்கிழமைகளில் டன்டாஸ் வீதி மேற்கில் இருந்த பெல்ஸ் என்ற மதுச்சாலையில், கண்ணை மூடிக்கொண்டு, வேர்த்து வழிய வழிய, புளூஸ் என்ற கறுப்பு அமெரிக்கரின் சோக இசையை வாசிக்கிறார் என்பது கோயிலில் ஓரிருவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்களும் அதை மெல்லிய குரலில்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அது தொடங்கிய கதையைப் பேர்ணடெற் கண்ணால் காணவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். அதையும் அவர் ஒரே விதமாகச் சொன்னதில்லை. அவர் எண்பத்தைந்தில் தனியாக வந்தவர். அவள் ஊர்காவற்துறையில் மாமா மாமியோடு இருந்தாள். வந்த புதிதில் அவருக்குக் கிடைத்த வேலை பெல்ஸின் குசினியில் கோப்பை கழுவுவது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே வாத்தியக்குழு ஒன்று வாசிக்கும். சாப்பாடு கொடுக்கிற சின்ன யன்னல் வழியாக அவர் அதைக் கேட்டுக்கொண்டே கழுவுவார். கல்யாணத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்தில் ஒரு பொப் இசைக்குழுவில் மின்சாரக் கிற்றார் வாசித்தவர் அவர். கல்யாண வீடுகள், கோயில் பெருநாள்கள், பாடசாலைக் கொண்டாட்டங்கள் என்று நெல்லியடியில் இருந்து மன்னார் வரை போய்வந்த கை. கனடாவில் அந்தக் கை சவர்க்காரத் தண்ணீருக்குள் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை பனி கொட்டிற்று. குழுவின் கிற்றார்காரன் ஹமில்ரனில் இருந்து வரவேண்டியவன், வழியில் அகப்பட்டுப்போனான். பாட்டுக்காரர் வெண்டல் மேடையில் நின்று, யாருக்காவது வாசிக்கத் தெரியுமா என்று விளையாட்டாகக் கேட்டார். வெண்டல் ஹலிஃபக்ஸ் பக்கத்துக் கறுப்பு இனத்தவர், கட்டுமஸ்தான ஆள், குரல் மட்டும் இன்னும் பெரிது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த போர்த்துக்கேயப் பெண்மணி யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "இந்தாளைக் கூப்பிடு, சட்டி கழுவும்போதும் இவருடைய விரல் சும்மா இருக்காது" என்று கத்தினாள். ஈர ஏப்ரனோடு அவர் மேடைக்குப் போனார். வெண்டல் அவருடைய காதுக்குள் ஒன்று சொன்னார். "ஓடாதே. நான் நடக்கிறேன். நீ பக்கத்தில் நட."

கதையின் மற்றப் பகுதிகள் மாறினாலும் அந்த வசனம் மாறுவதில்லை. அவ்வளவுதான் தனக்குக் கிடைத்த பாடம் என்று கிறிஸ்துநாயகம் சொல்லுவார். அடுத்த சனிக்கிழமை ஹமில்ரன்காரன் வந்தான். வெண்டல் இரண்டு கிற்றாரையும் வைத்துக்கொண்டார். கிறிஸ்துநாயகம் என்ற பெயர் வாயில் வராததால், குழுவில் எல்லாருக்கும் அவர் நாயகம் ஆனார்.

எண்பத்தெட்டில் பேர்ணடெற் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் இருந்து வருகிற வழியிலேயே அவர் இதையெல்லாம் ஆசையாகச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இஞ்சேருங்கோ, சாராயக் கடையிலயோ வாசிக்கிறீங்கள்?"

"சாராயக் கடை எண்டில்ல... சாப்பாடும் விக்கிறவங்கள்."

"அப்ப சாராயமும் விக்கிறவங்கள்."

"ஓம்."

அவளுடைய தகப்பன் குடியால் சீரழிந்தவர். போத்தல் வாசமடிக்கிற எந்த வாசலையும் மிதிப்பதில்லை என்று பன்னிரண்டு வயதிலேயே அவள் சத்தியம் பண்ணியிருந்தாள். கிறிஸ்துநாயகம் ஒரு துளியும் தொடாத மனிதர் என்பதால்தான் அவரைக் கட்டவே சம்மதித்தவள். கடைசியில் இருவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. அவள் ஏற்றி இறக்குவாள், உள்ளே வரமாட்டாள்.

அப்படியே சில வருடம் நடந்தது. பெல்ஸின் பின்பக்கத்துப் பார்க்கிங் லொட்டில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு அவள் அதற்குள்ளேயே இருப்பாள். செபமாலை சொல்லுவாள். கோடையில் கண்ணாடியை இறக்கிவிட்டு வெங்காயம் உரிப்பாள். தொண்ணூறில் ஜூலி பிறந்த பிறகு பின்சீற்றில் பிள்ளையும் சேர்ந்துகொண்டது. செங்கல் சுவருக்கு அங்கால் இருந்து சத்தம் வரும். றம்ஸின் இடியும் பேஸின் முனகலும்தான் சுவரைத் தாண்டும். கணவன் வாசிப்பது எது என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியாது. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

இடைவேளைகளில் வெண்டல் சிகரெட் பிடிக்க வெளியே வருவார். முதல் நாள் காரைக் கண்டதும் குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கையில் ஏதாவது இருந்தது. சுடுகிற சொக்லேற் பால், ஒரு தட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு, பிள்ளைக்கு ஒரு துண்டு அப்பிள். "மிஸிஸ் நாயகம்" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுத் தருவார். அவளுடைய ஆங்கிலம் அந்த நாளில் நன்றி சொல்ல மட்டும்தான் காணும். உள்ளே வாருங்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்டதில்லை. அந்த மரியாதை பேர்ணடெற்றின் மனத்தில் எங்கோ பதிந்துபோயிருந்தது.

ஒரு மாசி மாதம் காரின் ஹீற்றர் செத்துப்போயிற்று. வெளியே உறைகிற குளிர். ஜூலிக்கு அப்போது இரண்டு வயது. போர்வைக்குள் சுருட்டி வைத்தும் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. எஞ்சினைப் போட்டால் குளிர்காற்றுத்தான் வந்தது. இடைவேளைக்கு வெளியே வந்த வெண்டல் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கித் தன்னுடைய பெரிய கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு குசினிக் கதவால் உள்ளே போய்விட்டார். பேர்ணடெற் பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். சத்தியம் நினைவுக்கு வந்தபோது அவள் ஏற்கனவே அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

போர்த்துக்கேயப் பெண்மணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். சாப்பாடு கொடுக்கிற யன்னல் நேரே முன்னால் இருந்தது. அதற்குள்ளால் மேடை தெரிந்தது. கிறிஸ்துநாயகம் ஒரு கதிரையில் இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெண்டல் திரும்ப மேடைக்குப் போய், மிக ஆறுதலாக, மெதுவாக நகர்கிற பாட்டு ஒன்றை எடுத்தார். இரண்டு வரி பாடிவிட்டு அவர் விலகி நிற்க, நாயகம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். கம்பியை அழுத்தி மேலே தள்ளினார். ஒரு சுரம் இன்னொரு சுரத்துக்கு ஏறமாட்டாமல் ஏறி, அங்கே நடுங்கி, வழுகி இறங்கிற்று.

பேர்ணடெற்றின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது.

அது பசாம். ஊரில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், விளக்கை அணைத்துவிட்டு, ஆண்டவரின் பாடுகளை இழுத்து இழுத்து அழுகிற குரலில் படிப்பார்களே, அந்தப் பசாம். அவளுடைய மாமனார், கிறிஸ்துநாயகத்தின் தகப்பன், கோயிலில் அதைப் படித்துவந்தவர். அவர் மாதாவின் துக்கத்தைப் படிக்கும்போது நீட்டுகிற அந்த இழுவை, முடிவில் மூச்சை விடுகிற அந்த உடைவு, அப்படியே இங்கே, பியர் கிளாஸ்களுக்கு நடுவில்.

வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் படுக்கவைத்த பிறகுதான் வெடித்தாள்.

"ஆண்டவரின்ர பாட்டைக் கொண்டுபோய்க் குடிகாரருக்கு வாசிக்கிறீங்களோ? மாமா கேட்டிருந்தா நெஞ்சு வெடிச்சிருக்கும்!"

"என்ன சொல்லுறீர்? எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரிக் கதையாதேங்கோ. பசாம். மாமா படிக்கிற பசாம். அந்த இழுவை எனக்குத் தெரியாதோ?"

அவர் கிற்றாரைப் பையில் இருந்து எடுத்தார். மின்சாரம் கொடுக்காமல், கம்பியின் மெல்லிய சத்தத்தில் அந்த இடத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. கை நின்றது. முகம் கோணிற்று.

"எனக்குத் தெரியேல்ல, பேர்ணடெற்" என்றார். "சத்தியமாத் தெரியேல்ல. ஐயான்ர குரல்தான்."

அவருடைய தகப்பன் முந்தைய வருடம் இறந்திருந்தார். போரில் ஊர்காவற்துறைத் தீவில் இருந்து சனம் எல்லாம் எழும்பி ஓடிய நாள்களில், யாழ்ப்பாணத்தில் அகதிகளைத் தங்கவைத்த ஒரு பாடசாலைக்குள். செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிறிஸ்துநாயகம் அன்று வேலைக்குப் போய்வந்தார், மறுநாளும் போனார், அழவில்லை. அழாத மனிதர் என்று பேர்ணடெற் நினைத்திருந்தாள். அந்த மாசி இரவில் அவர் கட்டில் விளிம்பில் இருந்து, கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹீற்றர் திருத்தியாகிவிட்டது. ஆனாலும் அவள் காரைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முன்வரிசையில் சுவரோரத்து மேசை அன்றில் இருந்து அவளுடையதாயிற்று. வெண்டல் மேடையில் இருந்து தொப்பியைத் தொட்டார்.

இன்றைக்குப் பேர்ணடெற்றிடம் கனடாவில் நல்ல காலம் எது என்று கேட்டால் அவள் அந்த வருடங்களைத்தான் சொல்லுவாள். கையில் காசு தங்காத காலம். எல்லாருக்கும் கால் கடுக்க வேலை இருந்த காலம். ஆனால் கிழமை முழுக்க ஒரு சனிக்கிழமையைப் பார்த்து நகர்ந்தது. அவள் வெள்ளிக்கிழமையே அவருடைய வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட்டுக் கொழுவுவாள். ஜூலி மதுச்சாலை மேசையில் இருந்தே எழுத்துப் பழகினாள். அவளுடைய வீட்டுப்பாடக் கணக்கை வெண்டல் பிழையாகச் சொல்லிக்கொடுப்பார். வாசிப்பு முடிந்து வெளியே வரும்போது கோடையில் இன்னும் வெயில் இருக்கும். டன்டாஸ் ஸ்ட்றீற்கார் மணியடித்துக்கொண்டு போகும். அம்ப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் காருக்குப் போவார்கள்.

ஒருமுறை வெண்டலை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். என்ன சமைப்பது என்று பேர்ணடெற் இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தாள். கடைசியில் துணிந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் வைத்தாள். நண்டும் இறாலும் மீன்தலையும் பயித்தங்காயும் போட்டு, உறைப்பை மட்டும் கொஞ்சம் குறைத்து. வெண்டல் கோப்பைக்குள் பார்த்தார். நண்டுக்காலை எடுத்துக் கடித்து உறிஞ்சினார். பிறகு கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கோப்பையை வாயில் வைத்துக் குடித்தார்.

"என்னுடைய அம்மாவும் மீன்தலையை எறியமாட்டாள்" என்றார். அவர் பிறந்த கடற்கரைச் சேரியை நகரசபை இடித்துத் தள்ளிய கதையை அன்றுதான் சொன்னார். சின்னக் கோயில் ஒன்று இருந்ததாம். காலையில் போய்ப் பார்த்தபோது அது இல்லையாம். கிறிஸ்துநாயகம் தன்னுடைய ஊரைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்திலும் உடையாத ஆங்கிலத்திலும் பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். பேர்ணடெற் திரும்பத் திரும்பக் கூழ் ஊற்றினாள்.

வெண்டலுக்கு வயது போயிற்று. நின்று பாடியவர் கதிரையில் இருந்து பாடினார். பிறகு அரைவாசிப் பாட்டுகளில் வாய்ச்சொல்லை மறந்து முனகினார்; அதுவும் அழகாகத்தான் இருந்தது. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், இலையுதிர் காலத்தில், அவர் காலமானார். செத்தவீட்டுக்கு நாயகம் தன்னுடைய கிற்றாரைக் கொண்டுபோனார். ஆனால் வாசிக்கச் சொன்னபோது தலையசைத்து மறுத்துவிட்டார். இரண்டு வருடத்தில் பெல்ஸையும் விற்றார்கள். அந்த மூலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பிற்று. நாயகம் அங்கேயும் இங்கேயும் கூப்பிட்ட இடங்களில் வாசித்துக்கொண்டு திரிந்தார். எழுபது வயதிலும் சனிக்கிழமை என்றால் வெள்ளைச் சேட்டும் மினுக்கிய சப்பாத்தும்தான்.

கொரோனாவுக்கு அடுத்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நல்ல காலம், பேச்சும் காலும் தப்பிவிட்டன. இடது கைதான். நடுவிரலும் மோதிரவிரலும் சொல்வழி கேட்காமல் மடங்கிக் கிடந்தன. கிற்றாரின் கம்பியை அழுத்துகிற கை அது.

ஜூலி அப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் வீடு வாங்கிக் கம்பியூட்டர் கொம்பனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்தாள். தாய் தகப்பனை வெக்ஸ்போர்ட்டில் இருந்து தன்னுடைய பேஸ்மென்றுக்குக் கூட்டிப்போனாள்.

"அப்பா, இனஃப். ஃபிஃப்ரி இயேர்ஸ் வாசிச்சிட்டீங்கள். இனி றெஸ்ற் எடுங்கோ, ப்ளீஸ்" என்றாள்.

அவர் சரி என்றார். அவ்வளவு இலேசாகச் சரி சொன்னதுதான் பேர்ணடெற்றைப் பயமுறுத்திற்று. கிற்றார் கட்டிலுக்குக் கீழே போயிற்று. கோயிலில் பாடகர் குழுவுக்குப் பின்னால் நிற்பதையும் விட்டார். சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு அதற்கு முன்னால் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை பேர்ணடெற் பால் வாங்கக் காரை எடுத்தாள். எதையோ யோசித்துக்கொண்டு ஓட்டியவள், நினைவு வந்தபோது டொன்வலி நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. டன்டாஸுக்குப் போய், கண்ணாடிக் கட்டடத்துக்கு எதிரே காரை நிறுத்தினாள். கீழ்த்தளத்தில் நாய்க்கு முடி வெட்டுகிற கடை இருந்தது. அவள் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருடைய வாசிப்பு நின்றதில் தனக்கு இவ்வளவு துக்கம் இருக்கிறது என்று அவள் அதுவரை நினைக்கவில்லை. அவர்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய சனிக்கிழமையும் போய்விட்டது என்பது அந்த இடத்தில்தான் விளங்கிற்று.

அழுது முடித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. பெல்ஸுக்கு எப்போதாவது ஒரு கிழவன் வந்து வாசிப்பான். அவன் விரலால் கம்பியை அழுத்தமாட்டான். சின்னவிரலில் ஒரு குழாய்த் துண்டை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்குவான். சிலைட் என்பார்கள். நாயகத்துக்கு அது பிடிக்காது. கத்துகிற பூனை என்று சொல்லுவார்.

திரும்புகிற வழியில் அவள் ஒரு வன்பொருள் கடைக்குள் போனாள். தண்ணீர்க் குழாய்கள் அடுக்கியிருந்த இடத்தில் செப்புக் குழாய்களைச் சின்னவிரலில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். கடைக்காரப் பையன் விசித்திரமாகப் பார்த்தான். ஒரு துண்டை வெட்டி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, அவருடைய மடியில் வைத்தாள்.

"இது என்ன?"

"இதுக்கு அந்த ரெண்டு விரலும் தேவையில்ல. சின்னவிரல் காணும்."

"பேர்ணடெற், எனக்கு எழுபத்தினாலு வயசு."

"அதுக்கு?"

"நான் இனி முதல்ல இருந்து பழகுறதோ?"

"நான் முப்பத்திமூண்டு வயசில ஸ்னோவுக்க கார் பழகினனான். உங்கட பெட்டி தூக்க. எனக்கு ஆரும் சின்ன வயசு எண்டு சொல்லித் தரேல்ல."

அவர் குழாயை மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் பேர்ணடெற் குளித்துவிட்டு வந்தபோது பேஸ்மென்றில் பூனை கத்திற்று. அவள் கதவுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பூனை ஒரு வருடத்துக்கு மேல் கத்திற்று. சுரத்துக்கு நேரே போகாமல் ஒரு மயிரளவு தள்ளி நின்று காதை அறுத்தது. ஜூலி மேலே இருந்து தரையைத் தட்டுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் தொடங்குவார். எப்போது அது பூனையாக இல்லாமல் போயிற்று என்று பேர்ணடெற்றால் சொல்ல முடியாது. ஒருநாள் அவள் கறிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள், வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், அவ்வளவுதான் நினைவு.

பெல்ஸில் றம்ஸ் அடித்த டெஸ்மண்ட் இப்போது வெக்ஸ்போர்ட்டில் இருந்தார். அங்கே பழைய படைவீரர் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் வயதானவர்கள் கூடி வாசிப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டார். ஜூலிக்குத் தெரிந்தால் தடுப்பாள் என்று, கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் இருவரும் வெளிக்கிட்டார்கள். வெள்ளைச் சேட்டைக் கண்டதும் ஜூலிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தன்னுடைய காரில் பின்னால் வந்தாள். பேர்ணடெற்றுக்கு அது பிறகுதான் தெரியும்.

மண்டபத்தில் முப்பது நாற்பது தலைகள், எல்லாம் நரைத்தவை. முதலாவது பாட்டு சரிவரவில்லை. அவருடைய சின்னவிரல் பதற்றத்தில் நடுங்கிற்று. குழாய் கம்பியில் தட்டுப்பட்டுக் கிலுங்கிற்று. பாட்டின் நடுவில் அவர் நிறுத்திவிட்டார். டெஸ்மண்டும் நிறுத்தினார். பேர்ணடெற் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

நாயகம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அத்தனை வருடத்தில் அவர் மேடையில் வாய் திறந்ததில்லை. பாட்டு எப்போதும் வெண்டலுடையது. இப்போது அவர் தன்னுடைய யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில், பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல், ஆறுதலாகத் தொடங்கினார். காலையில் நான் எழும்பினேன், என்னுடைய கை எழும்பவில்லை என்றார். குழாய் ஒரு முறை வழுகி இறங்கிற்று. திரும்பவும் அதே வரி. நான் எழும்பினேன், என்னுடைய கை எழும்பவில்லை. படுக்கட்டும் என்று அதை விட்டேன், என் மனைவி விடவில்லை.

முதலில் யாரோ ஒரு கிழவி சிரித்தாள். பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் எழும்ப மறுக்கிற ஏதோ ஓர் உறுப்பு இருந்தது. முழங்கால், காது, இடுப்பு. டெஸ்மண்ட் சிரிப்புக்குக் கீழே தாளத்தைப் பிடித்தார். நாயகம் அடுத்த வரிக்குப் போனார். மனைவி தண்ணீர்க் குழாய் வாங்கிக்கொண்டு வந்த கதை. எல்லாரும் திரும்பிப் பேர்ணடெற்றைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. அவருடைய விரல் இப்போது நடுங்கவில்லை. குழாய் கம்பியில் ஏறிற்று, வழுகிற்று, அழவேண்டிய இடத்தில் அழுதது. மகள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்ததைப் பேர்ணடெற் கவனிக்கவில்லை. கை ஒன்று தன் கையைப் பிடித்தபோதுதான் திரும்பினாள்.

"அம்மா, வை டிட்ன்ற் யூ ரெல் மீ?" என்றாள் ஜூலி. அவளுடைய மூக்கு சிவந்திருந்தது.

"சொன்னா விட்டிருப்பியோ?"

பாட்டு முடிந்தபோது எல்லாருக்கும் முதல் எழும்பி நின்று கைதட்டியது ஜூலிதான்.

அதற்குப் பிறகு யாரும் றெஸ்ற் என்ற சொல்லை எடுக்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்த மண்டபத்தில் வாசிப்பு நடக்கிறது. களைத்துப்போகிற நாளில் இரண்டு பாட்டோடு இறங்கிவிடுவார். நன்றாக இருக்கிற நாளில் டெஸ்மண்ட் கண்ணைக் காட்டினாலும் நிறுத்தமாட்டார். இப்போது பாடுவதும் அவர்தான். குரல் பெரிதாக இல்லை. ஆனால் சொல்லுவதற்கு அவரிடம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது வரும். பேர்ணடெற்றுக்கு மேசை முன்னால் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

போன கோடையில் லோறன்ஸ் வீதியை அடைத்துத் திருவிழா வைத்தபோது, வீதி நடுவில் போட்ட சின்ன மேடையில் அவர்களையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். நல்ல வெயில். கபாப் புகையும் கொத்துரொட்டிச் சத்தமும் ஒருபக்கம். கோயில் சனம் பூசை முடித்து அந்த வழியால் வந்தது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற ஜோஸபின் அன்ரி, மேடையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு பேர்ணடெற்றின் பக்கம் வந்து கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உதில இருக்கிறது எங்கட கோயில்ல கிற்றார் வாசிச்ச கிறிஸ்துநாயகமெல்லே?"

"ஓம் அன்ரி, அவர்தான்."

"எப்ப தொடக்கம் உந்த வேலை?"

பேர்ணடெற் யோசித்துப் பார்த்தாள். "நான் கனடாவுக்கு வாறதுக்கு முந்தியே" என்றாள். "இருங்கோ அன்ரி, இந்தக் கதிரையில. அடுத்ததுதான் நல்ல பாட்டு."

ஜோஸபின் அன்ரி பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மேடையில் நாயகம் கைலேஞ்சியால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிபார்க்கத் தொடங்கினார்.